கால்கள் காட்டிய கணக்கு

சுற்றுலா புறப்படும் குடும்பங்கள் பணத்துக்குக் கணக்குப் போடுகின்றன. விடுப்பு நாள்களுக்கும் கணக்குப் போடுகின்றன. கால்களுக்குக் கணக்குப் போடுவோர் மிகக் குறைவு. சென்ற அக்டோபர் மாதம், பெங்களூரில் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஐந்து பேராக நடந்து களைத்தபோது, அக்கணக்கைப் போடாமல் விட்டதன் விலையை நாங்கள் அறிந்துகொண்டோம். விடுமுறைக் காலத்தில் அயலூர் செல்லத் திட்டமிடும் வாடிக்கையாளர்களுக்கு அந்த ஒரு நாளின் வரவும் செலவும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

குறிப்பேட்டில் ஏழு இடங்கள்

மதுரையிலிருந்து இரவு இரயிலில் புறப்பட்டுப் பெங்களூர் சேர்ந்தோம். நாங்கள் இருவர், பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள், அறுபத்தெட்டு வயதான அம்மா. அடுகோடியில் தம்பி குடும்பத்துடன் வசிக்கிறார். அவருடைய வீட்டில் தங்கி, நான்கு நாள்களில் ஊரைப் பார்த்துத் திரும்புவது என்பது ஏற்பாடு.

ஊரின் பெயரைக் கேட்டதும் மகனுக்குச் சிரிப்பு. "அங்கே எல்லோரிடமும் கோடி இருக்குமா?" என்று கேட்டான். அம்மா தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "கோடி என்றால் பணம் மட்டுமா? முனைக்கும் கோடி என்றுதான் பெயர். தனுஷ்கோடி, கோடிக்கரை எல்லாம் எப்படி வந்தன என்று யோசி" என்றார். அயலூர் போய்ச் சேருமுன்பே அவருடைய வகுப்பு தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரவு உணவுக்குப் பின் குறிப்பேட்டைத் திறந்து மறுநாளுக்கான பட்டியலை எழுதினோம். லால்பாக் தோட்டம், அதன் அருகே புகழ்பெற்ற சிற்றுண்டிச்சாலை, திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை, கோட்டை, கிருஷ்ணராஜேந்திர சந்தை, கப்பன் பூங்காவும் அறிவியல் அருங்காட்சியகமும் எனப் பட்டியல் நீண்டது. அம்மாவிடம் கேட்டபோது ஒன்றே ஒன்றைச் சொன்னார்: "அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதும்." அதை ஏழாவதாக எழுதிக்கொண்டோம். மாலை வெயில் தாழ்ந்த பின் ஏரிக்காற்று நன்றாக இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம்.

செலவுக் கணக்கும் அப்பக்கத்திலேயே இருந்தது. ஐந்து பேர் ஓர் ஆட்டோவில் செல்ல இயலாது. ஒவ்வொரு முறையும் இரண்டு ஆட்டோக்கள் வேண்டும். கைப்பேசியின் வரைபடத்திலோ ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்றுதான் காட்டியது. "நடந்தால்தான் ஊர் தெரியும்" என்று முடிவு செய்தோம். ஏறத்தாழ அறுநூறு ரூபாய் மிச்சமாகும் என்று எழுதி, அதன்கீழ் கோடும் இட்டோம். தம்பி மட்டும், "அம்மாவையும் சின்னவளையும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம், அண்ணா" என்றார். அவர் காலைப் பணிமுறைக்குச் செல்ல வேண்டியிருந்ததால் பேச்சு அத்துடன் முடிந்தது.

மூவாயிரம் மில்லியன் ஆண்டுப் பாறை

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அடுகோடி சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறும் பகுதியன்று. ஆயினும் நடப்பவர்களுக்கு அதனிடம் சொல்ல நிறைய உண்டு. பல தலைமுறையினர் 'மைக்கோ' என்று அழைத்த, 2008 முதல் பாஷ் என்று பெயர் கொண்ட நிறுவனத்தின் வளாகம் இங்கேதான் இருக்கிறது. ஓசூர் சாலையை ஒட்டி, தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. 1923-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில்தான், உடல்நலம் தேறுவதற்காக 1927-இல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் கால்நடை வளர்ப்பைக் குறித்துப் பாடம் கேட்டார். ஓய்வெடுக்க வந்த இடத்தில் அவர் மாணவரானார். ஓய்வு என்ற சொல்லை அன்று காலை நாங்கள் கவனிக்கவில்லை.

தேநீர்க் கடைகளிலும் பூக்கூடைகளின் அருகிலும் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலித்தன. காற்று குளிர்ந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. மதுரையில் ஒன்பது மணிக்குள் வெயில் எங்களை நிழல் தேட வைத்திருக்கும். தண்ணீர் கேட்க வைத்திருக்கும். இங்கே வியர்வையும் இல்லை, தாகமும் இல்லை. உடல் களைப்பதை வெயில் அறிவிக்காத ஊரில், களைப்பு தன்னை மறைத்துக்கொண்டே வளர்கிறது. இதை நாங்கள் பிற்பகலில்தான் உணர்ந்தோம்.

வில்சன் தோட்டப் பகுதியின் வழியே நடந்து லால்பாக்கின் கிழக்கு வாயிலை அடைந்தபோது எட்டு மணி ஆகிவிட்டது. வரைபடம் நாற்பது நிமிடம் என்றது. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. உடைந்த நடைபாதைகளில் இறங்கி ஏறியது, சாலை கடக்கக் காத்திருந்தது, மகள் ஒவ்வொரு பூனைக்கும் நின்றது ஆகியவை வரைபடத்தில் இல்லை.

லால்பாக் 240 ஏக்கர் பரப்புடையது. 1760-ஆம் ஆண்டளவில் ஐதர் அலி தொடங்கிய தோட்டத்தை அவர் மகன் திப்பு சுல்தான் வளர்த்தார். தோட்டத்தின் நடுவேயுள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலண்டனின் படிக மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்ட அந்த இரும்பு, கண்ணாடிக் கட்டடத்தில்தான் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி மலர்க் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. நாங்கள் சென்றது கண்காட்சிக் காலம் அன்று. ஆதலால் கூட்டமின்றி, மேற்கூரையின் வழியே இறங்கிய காலை ஒளியைப் பார்க்க முடிந்தது.

ஆனால் எங்கள் குடும்பத்துக்கு லால்பாக் என்றால் அந்தப் பாறைதான். கெம்பே கௌடரின் காவற்கோபுரங்களுள் ஒன்றைத் தன் உச்சியில் தாங்கி நிற்கும் அப்பாறை ஏறத்தாழ மூவாயிரம் மில்லியன் ஆண்டுப் பழமையுடையது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. மகன் ஓடி ஏறினான். மகள் கைகளை ஊன்றி ஏறினாள். அம்மா மெல்ல ஏறி, உச்சியில் அமர்ந்து, பாறையை உள்ளங்கையால் தடவினார். "நம் யானைமலையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது" என்றார். சிறிது நேரம் கழித்து, "இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்றும் கேட்டார்.

மணி ஒன்பதே முக்கால். பட்டியலில் இன்னும் ஆறு இடங்கள் இருந்தன. "அடுத்த இடத்தில் உட்காரலாம் அம்மா" என்று சொல்லி எழுப்பினோம்.

நின்று பார்த்த நூற்றாண்டுகள்

லால்பாக் சாலையிலுள்ள மாவள்ளி சிற்றுண்டிச்சாலை, எம்.டி.ஆர். என்ற பெயரால் நாடறிந்தது. 1924-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ரவையைக் கொண்டு இட்லி செய்யும் முயற்சி இங்கேதான் பிறந்ததாகச் சொல்வர். பஞ்சம் வேறு வழி காட்டிய பலகாரம் அது. விடுமுறை நாளின் கூட்டத்தில் நின்று, அமர்ந்து, உண்டு முடித்தோம். ரவா இட்லியின் மேலிருந்த முந்திரிப் பருப்பு யாருக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் வழக்கு நடந்தது. வழக்கைத் தீர்த்து வைத்த அம்மா, தம் தட்டில் பாதியை மிச்சம் வைத்திருந்தார். பசியில்லை என்றார். களைத்த உடல் முதலில் உணவைத்தான் மறுக்கும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து திப்புவின் கோடைக்கால அரண்மனை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ஐதர் அலி தொடங்கி, 1791-இல் திப்பு முடித்த தேக்குமர மாளிகை. செதுக்கிய தூண்களும் வளைவுகளும் முன்றிலில் வரிசையாக நிற்கின்றன. இன்பத்தின் உறைவிடம் என்றும், விண்ணுலகமும் பொறாமை கொள்வது என்றும் அதற்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அதே 1791-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் காரன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. கட்டி முடித்த ஆண்டிலேயே இன்பத்தின் உறைவிடத்தை எதிரியின் படை சூழ்ந்தது என்று மகனுக்குச் சொன்னபோது, அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். வரலாற்றுப் பாடநூலில் ஒரு வரியாக இருந்தது, தூண்களுக்கு நடுவே நின்று கேட்கும்போது வேறாக இருந்திருக்க வேண்டும்.

1537-இல் கெம்பே கௌடர் மண்ணால் எழுப்பிய கோட்டையை, 1761-இல் ஐதர் அலி கல்லால் கட்டினார். இன்று அதில் ஒரு சிறு பகுதியே எஞ்சியிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுக் கிருஷ்ணராஜேந்திர சந்தைக்குள் நுழைந்தோம். செவ்வந்தியும் கனகாம்பரமும் மலைபோல் குவிந்திருந்தன. சிவசமுத்திரம் அருவியிலிருந்து வந்த மின்சாரத்தால் 1905-இல் பெங்களூரின் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியது இப்பகுதியில்தான். மகளை யாரேனும் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தில் கைகளைக் கோத்தபடி அரை மணி நேரம் நடந்தோம். அம்மா ஒரு முழம் மல்லிகை வாங்கினார். வாங்கும்போது அருகிலிருந்த மூட்டையின் மேல் கையூன்றி நின்றதை மகள் பார்த்திருக்கிறாள். "அப்பத்தாவுக்குக் கால் வலிக்கிறது" என்று எங்களிடம் சொன்னாள். "வலியெல்லாம் இல்லை, கண்ணு. கால் மரத்துப்போனதுபோல் இருக்கிறது" என்றார் அம்மா. வலி இல்லை என்ற சொல் எங்களுக்கு நிம்மதி அளித்தது. அது நிம்மதி அளித்திருக்கக் கூடாத சொல்.

இன்னும் நான்கு நிலையங்கள்

சந்தையின் அருகே மெட்ரோ ஏறினோம். மெஜஸ்டிக் நிலையத்தில் பச்சைத் தடத்திலிருந்து ஊதாத் தடத்துக்கு மாற வேண்டும். வண்டியில் எல்லோருக்கும் இருக்கை கிடைத்தது. அன்று காலை முதல் ஐவரும் ஒருசேர அமர்ந்த பத்து நிமிடங்கள் அவை மட்டுமே. மகள் அம்மாவின் மடியில் உறங்கிப் போனாள்.

விதான சௌதா நிலையம் வந்தது. அங்கே இறங்கினால் கப்பன் பூங்கா. இறங்காமல் இருந்தால் இன்னும் நான்காவது நிலையம் அல்சூர். கப்பன் பூங்கா, மகாத்மா காந்தி சாலை, டிரினிட்டி, அல்சூர். அம்மா கேட்ட ஒரே இடத்துக்குச் செல்ல நாங்கள் செய்ய வேண்டியிருந்தது எழாமல் அமர்ந்திருப்பது மட்டுமே. ஆனால் பட்டியலில் பூங்கா ஆறாவது, சிலை ஏழாவது. உறங்கும் குழந்தையை எழுப்பி இறங்கினோம்.

1870-இல் அமைக்கப்பட்ட கப்பன் பூங்காவின் மூங்கில் புதர்களையும், 1868-இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடத்தையும் கடந்து, விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை அடைந்தோம். 1962-இல் நேரு திறந்து வைத்தது. ரைட் சகோதரர்களின் விமானம் முழு அளவில் மாதிரியாக நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் சுழலும் பொறிகள், ஒளியின் விளையாட்டுகள் எனப் பிள்ளைகளுக்குப் புத்துயிர் வந்தது. அம்மா நுழைவிடத்தருகே ஓர் இருக்கையில் அமர்ந்தார். "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். வெளியே மழை பிடித்திருந்தது. "போகலாமா அம்மா?" என்று கையைப் பற்றினோம். எழ முயன்று மீண்டும் அமர்ந்தார். கீழே பார்த்தோம். இரு பாதங்களும் வீங்கியிருந்தன. பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய செருப்பின் வார், இடது குதிகாலுக்கு மேலே அழுந்தித் தோலைக் கிழித்திருந்தது. இரத்தம் வழிந்து உலர்ந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

அம்மாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைகளை நேரம் தவறாமல் எடுத்துவைத்த நாங்கள், பாதங்களை நினைக்கவில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோய் கால்களின் நரம்புகளைத் தாக்கும்போது உணர்வு மங்குகிறது. கல் குத்துவதும் வார் அழுத்துவதும் மூளைக்கு எட்டுவதில்லை. "வலியில்லை" என்று அவர் சொன்னது எங்களைத் தேற்றுவதற்காக அன்று. உண்மையாகவே வலி தெரியவில்லை. ஆபத்து அதில்தான் இருந்தது.

மழையில் ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. காவலர் ஒருவர் நாற்காலியை வாயிலின் அருகே கொண்டுவந்து போட்டார். ஓட்டுநர் கன்னடத்திலும் அம்மா தமிழிலும் பேசிக்கொண்டே வந்தனர். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. பின்னால் வந்த ஆட்டோவில் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. வீடு சேர்ந்ததும் தம்பி அம்மாவின் பாதத்தைத் தம் மடியில் எடுத்து வைத்துத் துடைத்தார். "நேற்றே சொன்னேனே" என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை மருத்துவர் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டார். நேரத்தில் வந்தது நல்லதாயிற்று என்றும், இரண்டு நாள் பாதத்தைத் தரையில் அதிகம் ஊன்றக் கூடாது என்றும் கூறினார். திங்கட்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்த வாடகைக் காரை விலக்கிக்கொண்டோம்.

ஏன் இவ்வளவு களைப்பு?

மகனின் கைப்பேசி அன்றைய நடையை 21,000 அடிகள் என்று காட்டியது. ஏறத்தாழ பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர். காலையில் 10,000 தாண்டியபோது அவன் கைதட்டினான். அந்தப் பத்தாயிரம் என்ற எண், மருத்துவ ஆய்வில் தோன்றியது அன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகள் எண்ணும் கருவி ஒன்றுக்கு, 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். விளம்பரத்துக்குப் பொருத்தமாக இருந்த எண், நாளடைவில் எல்லோருக்கும் உரிய இலக்காகிவிட்டது. மேலும், ஒரே தூரம் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை ஆவதில்லை. பெரியவர் ஓர் அடி எடுத்துக் கடக்கும் தூரத்துக்குக் குழந்தை ஒன்றரை அடி எடுக்கிறது. எங்கள் 21,000 அடிகள் மகளின் சிறு கால்களுக்கு ஏறத்தாழ 31,500 அடிகள் ஆகியிருக்கும்.

நடையைவிட நிற்பது மிகுதியாகக் களைப்பூட்டும் என்பதையும் அன்று கண்டோம். சீராக நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. வரிசையிலும் காட்சிப்பொருள்களின் முன்னும் அசையாமல் நிற்கும்போது அந்த உதவி குறைகிறது. பாதங்களில் நீர் தேங்கி வீக்கம் காண்கிறது. கோயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றவர்கள் இதை அறிவார்கள்.

கண்ணும் மனமும் களைப்பது இன்னொரு பக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-இல் இதற்கு 'அருங்காட்சியகக் களைப்பு' என்றே பெயரிட்டு எழுதினார். காட்சிப்பொருள்களைப் பார்ப்பதற்காக ஒருவர் எப்படியெல்லாம் குனிய, வளைய, மண்டியிட வேண்டியிருக்கிறது என்பதைப் படமெடுத்துக் காட்டினார். பொருள்களின் எண்ணிக்கை கூடக்கூட, அவற்றைக் காண்பவரின் கவனம் குறைகிறது. ஏழாவது இடத்தைப் பார்க்கும் கண்களுக்கு முதலாவது இடத்தைப் பார்த்த கண்களின் வலிமை இருப்பதில்லை.

இங்கேதான் எங்கள் பிழை விளங்கியது. மாதச் சம்பளம் வந்ததும் எல்லாச் செலவுகளையும் செய்துவிட்டு, மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதில் செலவு செய்ய வேண்டும் என்பதை வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவரும் கேட்டிருப்பர். நாங்களும் பல ஆண்டுகளாக அப்படியே செய்து வருகிறோம். ஆனால் ஒரு நாளின் வலிமையைச் செலவிடும்போது அதை மறந்துவிட்டோம். அம்மாவின் ஒரே விருப்பத்தை, எல்லாம் செலவான பின் மிஞ்சுவதிலிருந்து கொடுக்கலாம் என்று கடைசியில் எழுதினோம். மிஞ்சவில்லை.

ரூபாய்க் கணக்கும் அதைவிட நன்றாக இல்லை. நடந்ததில் மிச்சமான தொகை அறுநூறு. மருத்துவர், மருந்து, கட்டுத்துணி, மழைநேர ஆட்டோக்கள், விலக்கிய காருக்குக் கொடுத்திருந்த முன்பணம் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.

பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்

செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் இரயில். அன்று காலை புண் உலர்ந்திருந்தது. இரண்டு ஆட்டோக்கள் அமர்த்திக்கொண்டு நேராக அல்சூர் சென்றோம். வேறு எந்த இடமும் இல்லை.

பலா மரத்தின் கன்னடப் பெயரான ஹலசு என்ற சொல்லிலிருந்து ஹலசூரு என்ற பெயர் வந்ததாகக் கூறுவர். தமிழர் நாவில் அது அல்சூர். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 1991-இலேயே நிறுவியும், இரு மாநில உறவின் சிக்கல்களால் அது திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று, கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில், தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று தம் புலவரை விருந்தினராக அனுப்பிக்கொண்டன.

அம்மா அந்த 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பணியில் இருந்தார். திறப்பு விழாச் செய்தியைத் தம் வகுப்பில் வாசித்துக் காட்டியதாகவும், என்றேனும் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னதாகவும், ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுதான் எங்களிடம் கூறினார். நாங்கள் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை இரவே கூறியிருப்பார்.

சில அடிகள் மட்டும் நடந்து, சிலையைப் பார்த்து நின்றார். பிறகு நிழலில் அமர்ந்தார். அவர் எழும்வரை எழுவதில்லை என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். பிள்ளைகளும் அமர்ந்தார்கள். சனிக்கிழமையே பார்த்திருக்கலாம், எங்களால் தவறிவிட்டது என்று சொன்னபோது அம்மா சிரித்தார். "பதினெட்டு வருசம் மூடிக்கிடந்து காத்திருந்தவர். எனக்காக மூன்று நாள் காத்திருக்க மாட்டாரா?" என்றார். முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம். மகன் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்

குடும்பத்துடன் அயலூர் சுற்றப் புறப்படுவோர்க்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

• ஒவ்வொருவரிடமும் 'நீங்கள் பார்க்க விரும்பும் ஓர் இடம் எது, ஏன்?' என்று கேளுங்கள். மூத்தவரும் இளையவரும் சொல்லும் இடங்களை நாளின் முதற்பகுதியில் வையுங்கள்.

• ஒரு நாளுக்கு இரண்டு பெரிய இடங்கள் போதும். மூன்றாவதை 'முடிந்தால்' என்று எழுதுங்கள்.

• வரைபடம் காட்டும் நடை நேரத்தை, குழந்தைகளும் முதியோரும் உடன் வந்தால் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

• தாகம் எடுக்காவிட்டாலும், குளிர்ந்த ஊரிலும் மணிக்கு ஒருமுறை அமருங்கள், தண்ணீர் அருந்துங்கள்.

• புதுச் செருப்புடன் பயணம் புறப்படாதீர்கள். இரண்டு வாரங்களாவது அணிந்து பழகிய காலணியே நல்லது.

• சர்க்கரை நோய் உள்ளவர்கள் பருத்திக் காலுறை அணிவதும், நண்பகலிலும் இரவிலும் பாதங்களைக் குதிகால் முதல் விரலிடுக்கு வரை பார்ப்பதும் கட்டாயம். குனிந்து பார்க்க இயலாதவர்களுக்கு வீட்டார் பார்க்க வேண்டும். சிறு புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• பயணத்துக்கென ஒதுக்கிய தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று தனியே வையுங்கள். அதிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள். கால்களைக் காக்கும் செலவு வீண்செலவு ஆகாது.

மதுரை திரும்பிய மறுவாரம், பிள்ளைகளிடம் பெங்களூரில் எது பிடித்தது என்று உறவினர் ஒருவர் கேட்டார். மகன் ரைட் சகோதரர்களின் விமானத்தைச் சொன்னான். மகள், "அப்பத்தாவும் நானும் பாறை மேல் உட்கார்ந்திருந்தோம், அதுதான்" என்றாள். அங்கே நாங்கள் அமரவிட்டது ஏழெட்டு நிமிடங்கள் இருக்கலாம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குத் தஞ்சாவூர் செல்ல எண்ணியிருக்கிறோம். குறிப்பேட்டில் புதுப்பக்கம் எடுத்து அம்மாவிடம் கொடுத்தோம். அவர் பெரிய கோயில் என்று மட்டும் எழுதி, அதன்கீழ் 'மாலை வரை' என்று சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பக்கத்தின் எஞ்சிய வரிகளை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறோம்.